கடற்கரை ஊரில் போல்ட் கழற்றுவது

தூத்துக்குடியில் ஓடுகிற காருக்குத் துரு அடியிலிருந்துதான் ஏறும். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்த்தால் லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பரைப் பிடித்திருக்கும் போல்ட், ஸ்டெபிலைசர் லிங்க் எல்லாம் செங்காவி நிறத்தில் தோல் உரிந்து கிடக்கும். உப்பளக் காற்று ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ரோட்டில் இருக்கிறது. ஈர உப்பு ஏற்றிய லாரியும் ஐஸ் போட்ட மீன் வண்டியும் சொட்டிக்கொண்டே போகும். பின்னால் வருகிற காரின் டயர் அந்த உப்புத் தண்ணீரை வாரி அடிப்பாகத்தில் அடித்துக்கொண்டே வரும்.

இது போதாதென்று 2023 டிசம்பரில் அந்த வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டிய நேரம் அது. தூத்துக்குடியில் எத்தனையோ கார்கள் நாள்கணக்கில் தண்ணீருக்குள் நின்றன. தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் எஞ்சினைப் பார்த்தார்கள், சீட்டைக் காயவைத்தார்கள், வயரிங்கை மாற்றினார்கள். அடியில் இருக்கிற போல்ட்டை யாரும் நினைக்கவில்லை. வெள்ளம் பார்த்த கார்கள் மறு வருடம் மேடு பள்ளத்தில் ‘கடக் கடக்’ என்று சத்தம் போட ஆரம்பித்தன. அதன் பிறகு என்னிடம் வருகிற சஸ்பென்ஷன் வேலைகளில், பாகத்தை மாற்றுகிற நேரத்தைவிட அதைப் பிடித்திருக்கிற போல்ட்டைக் கழற்றுகிற நேரம்தான் அதிகம்.

இப்போது நிறைய இளைஞர்கள் இந்த வேலையை வீட்டிலேயே செய்கிறார்கள். ஷாக் அப்சார்பர் ஆன்லைனில் கிடைக்கிறது, செய்முறை வீடியோவில் கிடைக்கிறது. மெக்கானிக்குகள் சிலருக்கு இதில் வருத்தம் உண்டு. எனக்கு இல்லை. சொந்த வண்டியின் அடியில் ஒருமுறை படுத்துப் பார்த்தவன் அப்புறம் பள்ளத்தில் கண்ணை மூடிக்கொண்டு இறக்க மாட்டான். ஆனால் இவர்களில் பாதிப்பேர் நடுவில் நிறுத்திவிட்டு எனக்கு போன் செய்கிறார்கள். “அண்ணாச்சி, போல்ட் வரமாட்டேங்குது” என்பார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் போல்ட் வராத நிலையைத் தாண்டிப் பட்டை வழுக்கிய நிலைக்குப் போயிருக்கும்.

போல்ட் அசையவில்லை என்றதும் எல்லோரும் நீளமான கைப்பிடியைத் தேடுகிறார்கள். முதலில் தேட வேண்டியது, போல்ட்டின் தலையை விடாமல் பிடிக்கிற கருவியை. பிடி சரியாக இல்லாத இடத்தில் பலத்தைக் கூட்டினால் போல்ட் சுற்றாது, தலைதான் உருண்டையாகும். இத்தனை வருடத் தொழிலில் நான் உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயம் இதுதான். மற்றக் கருவிகளையெல்லாம் இதை வைத்தே நான் எடை போடுகிறேன்.

நான் வேலை பழகியது அம்பாசடர் காலத்தில். ஒர்க் ஷாப்பில் இரண்டு மரப்பெட்டிகள் இருந்தன. ஒன்றில் இஞ்ச் ஸ்பேனர், இன்னொன்றில் மில்லிமீட்டர் ஸ்பேனர். அம்பாசடருக்கு இஞ்ச் பெட்டி, பத்மினிக்கு மில்லிமீட்டர் பெட்டி. மாருதி வந்த பிறகு மில்லிமீட்டர் பெட்டிக்குத்தான் ஓயாத வேலை. பெட்டி மாற்றி ஸ்பேனரை வைத்துவிட்டால் எங்கள் மேஸ்திரி அண்ணாச்சிக்கு வருகிற கோபம் லேசானதில்லை. சின்ன விஷயத்துக்கு ஏன் இவ்வளவு சத்தம் என்று அப்போது தோன்றும். காரணத்தை அவரே ஒருநாள் காட்டினார். முக்கால் இஞ்ச் ஸ்பேனரை 19 நட்டில் மாட்டச் சொன்னார். கச்சிதமாக உட்கார்ந்தது. முக்கால் இஞ்ச் என்பது 19.05 மில்லிமீட்டர், அதனால் அது ஒன்றுக்கொன்று போகும். பிறகு லெவன் சிக்ஸ்டீன் ஸ்பேனரை 17 நட்டில் மாட்டச் சொன்னார். அதுவும் உள்ளே போனது. ஆனால் லேசாக ஆடியது.

“ஆடுதுல்லா? அந்த ஆட்டம்தாம்ல பட்டையத் திங்கும்” என்றார்.

பதினாறில் பதினொன்று இஞ்ச் என்பது 17.46 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் இடைவெளி. லேசாக இறுக்கிய நட்டு என்றால் அதிலும் கழன்றுவிடும், அதனால்தான் பலர் ஏமாந்தார்கள். துருப்பிடித்த நட்டில் அந்த அரை மில்லிமீட்டர் போதும், ஆறு மூலையும் மழுங்கிவிடும்.

இன்றைக்கு இஞ்ச் குழப்பம் போய்விட்டது, வேறொரு குழப்பம் வந்திருக்கிறது. மாருதி, டொயோட்டா, ஹோண்டா மாதிரி ஜப்பான் வழி வந்த வண்டிகளில் பெரும்பாலும் 10, 12, 14, 17, 19 அளவுத் தலைகள்தான். ஹூண்டாயும் அதே வழி. ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் அடியில் படுத்தால் 13, 16, 18, 21 என்று வரும். அது போக நட்சத்திர வடிவத்தில் உள்பல் வெட்டிய போல்ட்டுகளும் வரும். சந்தையில் விற்கிற சின்ன செட்டில் 16-ம் 18-ம் பல சமயம் இருக்காது. 18-க்கு 19-ஐப் போட்டுத் திருப்பி வழுக்கவிட்ட வண்டிகள் நிறைய பார்த்திருக்கிறேன். செட் வாங்குவதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் ஒரு டார்ச்சோடு படுத்து எந்தெந்த அளவு இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். நூறு பீஸ் செட்டைவிட, உங்கள் வண்டிக்கு வேண்டிய ஆறு சாக்கெட் நல்ல தரத்தில் வாங்குவது மேல்.

அடுத்து பட்டை. சாக்கெட்டின் உள்ளே எட்டிப் பாருங்கள். பன்னிரண்டு பட்டை வெட்டியிருக்கும், அல்லது ஆறு பட்டை. கடையில் செட்டாக வாங்கினால் பெரும்பாலும் பன்னிரண்டு பட்டைதான் வரும். எந்தக் கோணத்திலும் டக்கென்று மாட்டலாம் என்பது அதன் சௌகரியம். ஆனால் அது போல்ட் தலையை மூலைக்குப் பக்கத்தில்தான் தள்ளும். ஆறு பட்டை சாக்கெட் மூலையை விட்டு விலகி, தட்டையான பக்கத்தில் பதிந்து தள்ளும். புது போல்ட்டில் வித்தியாசம் தெரியாது. துரு தின்று மூலை தேய்ந்த தலையில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சஸ்பென்ஷன் வேலைக்கு அரை இஞ்ச் டிரைவில் ஆறு பட்டை சாக்கெட் மட்டும்தான் என் பெட்டியில் இருக்கிறது. ரிங் ஸ்பேனர் மறுபக்கம் பிடித்துக்கொள்ள நல்ல துணை. ஃபிக்ஸ் ஸ்பேனரை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். அது இரண்டே பக்கத்தைப் பிடிக்கும், பலம் கொடுத்தால் வாய் விரியும்.

வெள்ளத்துக்கு அடுத்த வருடம் ஒரு தம்பி கூப்பிட்டார். கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். வீட்டு போர்டிகோவில் ஆல்டோ நின்றது. முன்பக்க வலது சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தார். ஷாக் அப்சார்பரின் கீழ்ப்பகுதியை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு சேர்த்துப் பிடிக்கும் இரண்டு போல்ட்டில் ஒன்று வந்துவிட்டது. இரண்டாவதில் 17 நட்டு மூலை மழுங்கி மின்னிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பன்னிரண்டு பட்டை சாக்கெட், அதில் ஒரு ராட்செட், ராட்செட்டின் கைப்பிடியில் ஒரு முழ நீளத்துக்குத் தண்ணீர் பைப்பு.

“வீடியோல இப்படித்தான் அண்ணாச்சி போட்டாங்க” என்றார்.

“இருக்கட்டும் தம்பி. அந்த ராட்செட்ட மொதல்ல உள்ள வையிங்க” என்றேன்.

நட்டைத் தொடவில்லை. முதலில் கம்பி பிரஷ்ஷை எடுத்தேன். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மரையில் துரு கட்டிகட்டியாக இருந்தது. அதை எடுக்காமல் நட்டைத் திருப்பினால், கழன்று வருகிற நட்டு அந்தத் துருவின் மேல்தான் ஏற வேண்டும். பாதி வழியில் மறுபடி ஜாம் ஆகும். மரை கண்ணுக்குத் தெரிகிற வரை தேய்த்தேன். நட்டின் ஆறு பக்கத்தையும் தேய்த்தேன். துருச் செதில் ஒன்று உரிந்து விழுந்ததும் நட்டின் அளவு இன்னும் குறைந்துவிட்டது. 17 ஆறு பட்டை சாக்கெட் இப்போது லேசாக ஆடியது. 16 அளவு கறுப்பு சாக்கெட்டை எடுத்து நட்டின் மேல் நேராக வைத்து ஒரு கிலோ சுத்தியலால் தட்டி இறக்கினேன். தேய்ந்த நட்டில் அது இரும்பைச் சீவிக்கொண்டு அடி வரை இறங்கி உட்கார்ந்தது. மறுபக்கம் போல்ட் தலையில் ரிங் ஸ்பேனர். பிறகு இரண்டடி நீள ஃப்ளெக்ஸ் ஹேண்டில். முதலில் கழற்றுகிற பக்கம் திருப்பவில்லை. இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை. ‘கிர்ரக்’ என்று ஒரு சத்தம். துரு உடைந்த சத்தம் அது. அதற்குப் பிறகுதான் இடதுபக்கம் திருப்பினேன். கால் சுற்று வந்தது. எண்ணெய் விட்டு மறுபடி உள்ளே கொஞ்சம் திருப்பி, மறுபடி வெளியே. நட்டு கையோடு வந்தபோது அந்தத் தம்பி முகத்தில் பார்த்த சந்தோஷத்துக்காகவே இந்த வேலைக்குப் போகலாம்.

ராட்செட்டை ஏன் உள்ளே வைக்கச் சொன்னேன் என்றால், அதன் வயிற்றில் இருப்பது சின்னச் சின்னப் பல்லும் ஒரு நாக்கும். வேகமாகச் சுற்றுவதற்காகச் செய்த கருவி. ஜாம் ஆன போல்ட்டை உடைக்க அதில் பைப்பு மாட்டினால் பல் நொறுங்கும், பிடித்திருந்த கை போய் வீல் ஆர்ச்சில் மோதும். முதல் அசைவுக்கு ஃப்ளெக்ஸ் ஹேண்டில் அல்லது டி-பார். அசைந்த பிறகு ராட்செட். அளவு பார்த்து இறுக்குவதற்கான டார்க் ரெஞ்சை, போல்ட் கழற்றுவதற்கு எடுக்கவே கூடாது. அதன் அளவு கெட்டுவிடும், கெட்டது வெளியே தெரியவும் தெரியாது.

பைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டடி ஹேண்டிலின் நுனியில் ஐம்பது கிலோ பாரத்தைச் சாய்த்தால் ஏறக்குறைய 300 நியூட்டன் மீட்டர் வரும். 17 அளவுத் தலை உள்ள போல்ட் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் தடிமன்தான். தலையில் 8.8 என்று பதித்திருந்தால் அதை இறுக்கும் அளவே ஏறக்குறைய 80, 90 நியூட்டன் மீட்டர். அப்படியானால் இரண்டடியே தாராளம். நாலடி பைப்பு போட்டால் போல்ட்டின் கழுத்து முறுக்கிக்கொண்டு அறும். சில சமயம் அறுத்தே எடுக்கலாம் என்று தெரிந்து செய்வோம், அது வேறு கதை. தலையில் இருக்கிற அந்த எண்ணைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். 8.8 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை இழுவை தாங்கும், அதில் 80 சதவீதத்தைத் தாண்டினால் நீண்டு போகும். 10.9 என்றால் 1000, அதில் 90 சதவீதம். 10.9 இருந்த இடத்தில் ஹார்டுவேர் கடையில் எண்ணே இல்லாத போல்ட்டை வாங்கிப் போடுவது பெரிய தப்பு. சஸ்பென்ஷனில் அது உயிர் விஷயம்.

எண்ணெய் விடுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. போல்ட்டை இறுக்கும்போது நாம் கொடுக்கிற பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் உண்மையாகப் பிடித்து இழுக்கப் போகிறது. பாதி, நட்டு அல்லது தலையின் அடிப்பரப்பு உரசுவதிலேயே போய்விடும். மீதி மரை உரசுவதில் போகும். கழற்றும்போதும் இதே இரண்டு இடம்தான் எதிர்த்து நிற்கும். இரும்பு துருவாகும்போது அதிக இடம் பிடிக்கும். மரைக்கு நடுவில் இருந்த மயிரிழை இடைவெளியைத் துரு அடைத்துக்கொண்டு நெருக்கும். ஆனால் எல்லோரும் நட்டுக்கு வெளியே தெரிகிற மரை நுனியில் மட்டும் ஸ்ப்ரே அடிக்கிறார்கள். நட்டின் அடி, வாஷரின் ஓரம், போல்ட் தலையின் அடி, மூன்று இடத்திலும் விட வேண்டும். விட்டுவிட்டு உடனே திருப்பக் கூடாது. முந்தின நாள் சாயங்காலம் ஒருமுறை, படுக்கப் போகும்போது ஒருமுறை, காலையில் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் போல்ட் தலையில் சுத்தியலால் நாலு தட்டு. அந்த அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இறங்கும்.

எந்த எண்ணெய் என்று கேட்பார்கள். அந்தக் காலத்தில் எங்களுக்கு மண்ணெண்ணெயும் கொஞ்சம் எஞ்சின் ஆயிலும் கலந்த டப்பாதான். சிலர் பிரேக் ஆயில் விடுவார்கள். அது பெயிண்ட்டை உரித்துவிடும் என்பதால் எனக்குப் பிடிக்காது. இன்றைக்கு எல்லோர் கையிலும் இருப்பது டபிள்யூடி-40. 1953-ல் அமெரிக்காவில் ஏவுகணையின் வெளித்தோலில் ஈரம் தங்காமல் இருக்கச் செய்த சரக்கு அது. பெயரிலேயே ஈரத்தை விலக்குவதுதான் இருக்கிறது. லேசான துருவுக்கு அது போதும். கடலோரத்து சஸ்பென்ஷன் போல்ட்டுக்கு, துருவுக்குள் ஊடுருவுவதற்கென்றே தனியாக விற்கிற பெனிட்ரேட்டிங் ஆயிலை வாங்குங்கள். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஊற்றும் ஏடிஎஃப் ஆயிலையும் அசிட்டோனையும் கலந்து விடுவதும் நன்றாக வேலை செய்யும். ஆனால் அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அது விட்ட இடத்தில் கிரைண்டரோ நெருப்போ கிட்டே வரக் கூடாது.

இப்போது பேட்டரி இம்பாக்ட் ரெஞ்ச் மலிவாகிவிட்டது. நல்லதுதான். தொடர்ந்து முறுக்குவதைவிட நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் அடித்து அடித்து முறுக்குவது துருவின் பிடியை நன்றாக உடைக்கும், போல்ட்டும் முறுக்கிக்கொள்ளாது. பெட்டியில் அச்சடித்திருக்கிற பெரிய எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். நீளமான எக்ஸ்டென்ஷன் போட்டால் அதிலேயே பாதி அடி கரைந்துவிடும். முக்கியமான விஷயம், இம்பாக்ட்டில் மின்னுகிற குரோம் சாக்கெட்டைப் போடக் கூடாது. அது கடினமானது, அடி வாங்கினால் வெடித்துச் சில்லு தெறிக்கும். கறுப்பு நிறத்தில் சுவர் தடிமனாக வருகிற இம்பாக்ட் சாக்கெட்தான் போட வேண்டும். கண்ணாடி போடாமல் ஒரு போல்ட்டையும் தொடாதீர்கள். அண்ணாந்து படுத்து வேலை செய்யும்போது துரு நேராகக் கண்ணில்தான் விழும்.

இம்பாக்ட் வாங்க வசதி இல்லையென்றால் பரவாயில்லை. எங்கள் மேஸ்திரி அண்ணாச்சி ரிங் ஸ்பேனரை நட்டில் ஒழுங்காக உட்காரவைத்து, அதன் மறுமுனையில் சுத்தியலால் ‘டொக் டொக்’கென்று குட்டைக் குட்டையாக அடிப்பார். ஓங்கி அடிக்க மாட்டார். அதுவும் அதே வேலையைத்தான் செய்கிறது. கழற்றும் திசை எது என்று அடிக்கிறதுக்கு முன்னால் நிதானமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தலைகீழாகப் படுத்திருக்கும்போது இடதும் வலதும் குழம்பும். முழுப் பலத்தையும் கொடுத்து இறுக்கிக்கொண்டே இருந்த பெரிய கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஒர்க் ஷாப்பில் கடைசி ஆயுதம் நெருப்பு. கேஸ் கட்டரால் நட்டைச் சிவக்கக் காய்ச்சினால் இரும்பு விரியும். 12 மில்லிமீட்டர் துளை 500 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர் பெரிதாகும். ஒரு தலைமுடிப் பருமன். துருவை உடைக்க அது போதும். காய்ச்சின நட்டில் மெழுகுவர்த்தியைத் தொட்டு வைத்தால் மெழுகு உருகி மரைக்குள் ஓடும், அதுவும் அருமையான வேலை. ஆனால் வீட்டில் இதைச் செய்ய வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. ஷாக் அப்சார்பருக்குள் ஆயிலும் அழுத்தத்தில் கேஸும் இருக்கிறது. பக்கத்தில் ரப்பர் புஷ், பால் ஜாயிண்ட்டின் கிரீஸ், பிரேக் ஹோஸ், பெட்ரோல் லைன். சிவக்கக் காய்ச்சின போல்ட்டின் பலமும் போய்விடும், அதைத் திரும்பப் போட முடியாது. எப்படியும் புது போல்ட் வாங்கத்தான் போகிறோம் என்றால், அறுத்து எடுத்துவிடலாமே.

அறுப்பதற்கு ஏஜி ஃபோர் என்கிற சின்ன ஆங்கிள் கிரைண்டரும் ஒரு மில்லிமீட்டர் கட்டிங் வீலும் போதும். கார்டைக் கழற்றாமல் பயன்படுத்துங்கள். ஸ்டெபிலைசர் லிங்க்கில் நான் நேரத்தை வீணாக்குவதே இல்லை. அதன் நட்டைத் திருப்பினால் உள்ளே இருக்கிற பால் ஜாயிண்ட்டும் கூடவே சுற்றும். சுற்றாமல் பிடிக்க ஸ்டட்டின் நுனியில் ஆலன் கீ போகிற குழி இருக்கும். அந்தக் குழிக்குள் துருவைக் கிளறி எடுத்து, கீயைத் தட்டி இறக்கி ஒருமுறை முயற்சி. குழி வழுக்கினால் நேராகக் கிரைண்டர். மாற்றப் போகிற பாகத்திடம் இரக்கம் எதற்கு?

லோயர் ஆர்ம் அப்படி இல்லை. அதன் புஷ்ஷுக்கு நடுவே இரும்புக் குழாய் ஒன்று இருக்கும், அதற்குள் நீளப் போல்ட் போகும். கடலோர வண்டியில் போல்ட்டும் குழாயும் துருவால் ஒட்டி ஒன்றாகிவிடும். நட்டு சுலபமாக வந்துவிடும், ஆனால் போல்ட் வெளியே வராது. திருப்பினால் ரப்பரோடு சேர்ந்து சுற்றித் திரும்பும். அங்கே போல்ட் சுற்றுவதைப் பார்த்துக் கழல்கிறது என்று ஏமாறாதீர்கள். நட்டை நுனியில் நாலு சுற்று மட்டும் ஏற்றி வைத்து அதன் மேல் அடித்துப் பாருங்கள். வெறும் மரையில் அடித்தால் மரை பரந்துவிடும். வரவில்லையென்றால் புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் அறுக்க வேண்டியதுதான். சில வண்டிகளில் நட்டு சேஸிஸுக்குள்ளேயே வெல்டு செய்து வைத்திருக்கும். அந்த வெல்டு விட்டுப்போனால் உள்ளே கை நுழையாது, பாடியை வெட்டித்தான் பிடிக்க வேண்டும். அந்த மாதிரி இடத்தில் இரண்டு நாள் எண்ணெய் ஊறவிட்டு, கால் கால் சுற்றாக முன்னும் பின்னும் திருப்பி எடுங்கள். அங்கே பொறுமைதான் மலிவு.

மாருதி வகை வண்டிகளில் கீழ் பால் ஜாயிண்ட்டின் தண்டை நக்கிளில் ஒரு பிஞ்ச் போல்ட் கவ்வியிருக்கும். தண்டில் ஒரு பள்ளம் வெட்டி, போல்ட் அதன் வழியே போகும். போல்ட் முழுதாக வெளியே வராமல் எவ்வளவு நெம்பினாலும் ஜாயிண்ட் வராது. போல்ட்டை எடுத்த பிறகு அந்தப் பிளவில் உளியை லேசாக இறக்கினால் வாய் விரிந்து விட்டுக்கொடுக்கும். டை ராடு எண்டில் தண்டு கூம்பாகப் பதிந்திருக்கும், அங்கே நட்டின் மேல் அடிக்காதீர்கள். தண்டு நுழைந்திருக்கிற நக்கிளின் காதில், பக்கவாட்டில் இரண்டு அடி ஓங்கிக் கொடுங்கள். துளை ஒரு கணம் நெளியும், தண்டு பொத்தென்று விழும். வண்டியில் நான் ஓங்கி அடிப்பது இந்த ஓர் இடத்தில்தான்.

போல்ட் அறுந்து பாதி உள்ளே நின்றுவிட்டால் ஈஸி அவுட் என்று ஒரு கருவி விற்கிறார்கள். அது கண்ணாடி மாதிரி கடினம். உள்ளே முறிந்தால் அதைச் சாதாரண டிரில் பிட்டால் துளைக்க முடியாது. வெல்டிங் பட்டறைக்காரரைக் கூப்பிட்டு, அறுந்த முனையில் ஒரு நட்டை வைத்து வெல்டு போடச் சொல்லுங்கள். பிடியும் கிடைக்கும், வெல்டிங் சூட்டில் துருவும் விடும். பேட்டரி கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் வெல்டு போட வேண்டும்.

இரண்டு வேலையை வீட்டில் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் ஷாக் அப்சார்பரின் மேல் நடு நட்டைத் தளர்த்துவது. அழுந்தியிருக்கிற காயில் ஸ்பிரிங் விட்டால் ஆளை அடிக்கும். இரண்டு, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போவது. ஜாம் ஆன போல்ட்டை இழுக்கும்போது வண்டி ஆடும். ஜாக்கி சாயும். இரண்டு ஸ்டாண்டு போட்டு, கழற்றின சக்கரத்தையும் பாடிக்கு அடியில் படுக்கப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

திரும்ப மாட்டும்போது புது நட்டு போடுங்கள். நைலான் வளையம் உள்ள நட்டு ஒருமுறைக்குத்தான். புஷ் போல்ட்டுகளின் கடைசி இறுக்கத்தை வண்டி தரையில் பாரத்தோடு நிற்கும்போது டார்க் ரெஞ்சால் கொடுங்கள், தொங்குகிற நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கி நின்று சீக்கிரம் கிழியும். போல்ட்டின் வழவழப்பான உடம்பில், புஷ் குழாய்க்குள் போகிற பாகத்தில், மெல்லிசாக காப்பர் கிரீஸ் தடவுங்கள். மரையில் அப்ப வேண்டாம். மரை வழுக்கலானால் அதே டார்க்கில் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

கடலோரத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவி, காய்ந்ததும் நாலு சக்கரத்துக்குப் பின்னாலும் தெரிகிற மரைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கொஞ்சம் எண்ணெய் தொட்டு வையுங்கள். டிஸ்க்கிலும் பிரேக் பேடிலும் மட்டும் ஒரு சொட்டுகூடப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.